இன்றைய வேகக் கார் நாளைய புதையலா?

மெர்லிமாவ், ஜாசின், டுரியான் துங்கல், அலோர் காஜா என்று மலாக்கா மாநிலத்தின் எந்தப் பக்கம் போனாலும் இந்தக் காட்சியைக் காணலாம். வீட்டின் ஓரத்தில் மாமரத்தடியிலோ தகரக் கொட்டகையிலோ ஒரு பழைய கார் நிற்கும். நான்கு டயரிலும் காற்று இருக்காது. கூரை மேல் காய்ந்த இலைகள். "இதை எதற்குடா அடைகாக்கிறாய்? பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிடு" என்பார் அம்மா. "சும்மா இருங்கம்மா, இன்னும் பத்து வருஷத்தில் பாருங்கள், இதற்குத் தங்கத்தின் விலை வரும்" என்பான் மகன்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். யானைக்குப் பொருந்துவது காருக்கும் பொருந்துமா? இளைஞர்கள் உயிரை விடும் இந்த வேகக் கார்கள் நாளைக்கு நிஜமாகவே புதையலாகுமா? வேடிக்கைக் கேள்வி போலத் தோன்றினாலும் இதில் ஒரு குடும்பத்தின் சேமிப்பே அடங்கியிருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்தபோது கையில் கிடைத்த பணம், அப்பாவின் சேமநிதிப் பணம், பிள்ளை தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்து சேர்த்த பணம் இவையெல்லாம் இப்படிப்பட்ட ஆசைகளில்தான் போய் விழுகின்றன. ஆகவே கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

வெட்டவெளியில் கிடந்த சிவப்புக் கார்

மகன் பக்க நியாயத்தை முதலில் கேட்போம். இத்தாலி நாட்டு பெராரி கம்பெனி 1962 முதல் 1964 வரை 250 ஜிடிஓ என்றொரு பந்தயக் காரைச் செய்தது. மொத்தமே 36 கார்கள்தான். பந்தயக் காலம் முடிந்ததும் அவற்றை யாரும் சீந்தவில்லை. சில ஆயிரம் டாலருக்குக் கைமாறின. ஒன்றை அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு, மாணவர்கள் இயந்திர வேலை பழகட்டும் என்று தானமாகவே கொடுத்துவிட்டார்கள்! அதைப் பின்னர் வாங்கியவர் வெட்டவெளியில் பல ஆண்டு மழையிலும் பனியிலும் போட்டு வைத்திருந்தார். அதே வகைக் கார் ஒன்று 2018-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஏலத்துக்கு வந்தபோது போன விலை 48.4 மில்லியன் அமெரிக்க டாலர். நம் கணக்கில் ஏறக்குறைய இருநூறு மில்லியன் வெள்ளி.

அதையும் மிஞ்சியது ஜெர்மனியின் மெர்சிடிஸ் கம்பெனி 1955-இல் இரண்டே இரண்டு செய்த 300 எஸ்எல்ஆர் கூப்பே. அவற்றில் ஒன்று 2022-இல் 135 மில்லியன் யூரோவுக்கு விற்றது. உலகில் வேறெந்தக் காருக்கும் அதுவரை அவ்வளவு விலை கிடைத்ததில்லை.

மகன் இத்தோடு நிறுத்திக் கொள்வான். நாம் நிறுத்த முடியாது. 36 செய்தார்கள், 2 செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பந்தயத்தில் ஓடி வென்ற பெயர் இருக்கிறது. அந்தக் காரின் படத்தைச் சுவரில் ஒட்டி ஏங்கிய சிறுவர்கள் வளர்ந்து பெரும் பணக்காரர்களாகவும் ஆனார்கள். அபூர்வம், பெயர், ஏக்கம் மூன்றும் ஒரே இடத்தில் கூடினால்தான் இரும்பு பொன்னாகிறது.

வெறும் பழமைக்கு விலை கிடையாது. நம் வீடுகளில் பாட்டிமார் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்திய ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டுகளை நினைத்துப் பாருங்கள். எண்பது ஆண்டுக்கு மேல் பழையவைதாம். ஆனால் கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளிய தாள். எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆகவே பெரும்பாலானவற்றுக்கு இன்றைக்கும் பெரிய விலை இல்லை.

இன்னொரு பாடமும் உண்டு. 1988-இல் பெராரி கம்பெனியின் நிறுவனர் என்ஸோ பெராரி காலமானதும் அவர் காலத்துக் கார்களுக்கு வெறி பிடித்தாற்போல் விலை ஏறியது. வண்டி ஓட்டவே தெரியாதவர்கள்கூட வாங்கிப் பூட்டி வைத்தார்கள். 1990-இல் சந்தை விழுந்தது. கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள் பாதி விலைக்கும் ஆள் கிடைக்காமல் தவித்தார்கள். பிற்காலத்தில் அந்தக் கார்களின் விலை திரும்ப ஏறி முன்பைவிட உயரத்துக்குப் போனது உண்மை. ஆனால் அதுவரை தாக்குப் பிடித்தவர் யார்? சொந்தப் பணத்தில் வாங்கியவர்.

ஜப்பான் கார்களுக்கு வந்த யோகம்

பெராரியும் மெர்சிடிசும் நமக்கு எட்டாத வானத்து நட்சத்திரங்கள். நம் தெருவில் ஓடிய ஜப்பான் கார்களின் கதைதான் நமக்கு வேண்டியது.

அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறது. அந்நாட்டுப் பாதுகாப்பு விதிக்கு ஏற்பச் செய்யப்படாத வெளிநாட்டுக் காரை அங்கே சாதாரணமாக இறக்குமதி செய்ய முடியாது. ஆனால் 25 வயது ஆகிவிட்டால் அந்தத் தடை விலகும். நிசான் கம்பெனி 1989-இல் வெளியிட்ட ஸ்கைலைன் ஜிடிஆர் இந்தக் கணக்குப்படி 2014-இல் அமெரிக்காவுக்குள் நுழையத் தகுதி பெற்றது. 1999-இல் வந்த அதன் தம்பி ஆர்34-க்கு 2024-இல் வாசல் திறந்தது. டாலர் பையோடு ஆட்கள் ஜப்பானுக்கு ஓடினார்கள். அங்கே விலை ஏறியதும் ஆசியா முழுவதும் அந்தக் காற்று அடித்தது. எங்கோ எழுதிய ஒரு சட்டம் எங்கோ நிற்கும் காருக்கு விலை வைக்கிறது, பார்த்தீர்களா!

டோயோட்டா ஏஇ86 என்ற சிறிய காரின் கதை இன்னும் விசித்திரம். 1983-இல் வந்து 1987-இல் நின்றுபோன சாதாரணக் கார். 1995-இல் ஜப்பானில் தொடங்கிய ஒரு சித்திரத் தொடர்கதையில், சோயா தவு விற்கும் கடைக்காரரின் மகன் இந்தக் காரில் மலைப்பாதையில் பறப்பான். அவ்வளவுதான், உலகமெங்கும் இளைஞர்கள் அதன் பின்னால் போனார்கள். நம் நாட்டில் அதற்கு உறவுமுறை கேஇ70 கொரோலா. நம்மவர்கள் 'டிஎக்ஸ்' என்பார்கள். ஒரு காலத்தில் கிராணிமாரும் பள்ளி ஆசிரியர்களும் குடும்பத்தோடு சன்னாசிமலைத் திருவிழாவுக்குப் போய் வந்த அடக்கமான கார் அது. பின்சக்கரத்தில் இழுவை இருப்பதால், காரைச் சறுக்கவிட்டு ஓட்டும் 'டிரிப்ட்' விளையாட்டுக்கு அதையே தேடிப் பிடித்தார்கள். விளையாடியே பாதியை ஒழித்தும் விட்டார்கள். மிஞ்சியதற்குத்தான் இப்போது கிராக்கி.

நம் வீட்டுப் பிள்ளைகள்

இனி உள்நாட்டுச் சரக்குக்கு வருவோம். 1985-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் புரோட்டோன் சாகா வெளிவந்தது. உள்ளே இருந்ததெல்லாம் மிட்சுபிஷி லேன்சரின் உடம்புதான் என்றாலும் பெயர் நம்முடையது. ஆரம்ப விலை பதினேழாயிரத்து ஐந்நூறு வெள்ளி சுமார். முதலில் வெளிவந்த கார் கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்துக்குப் போயிற்று.

தோட்டத்தில் அதுவரை கார் என்றால் துரை, பெரிய கிராணி, டிரசர் வீட்டில்தான் இருக்கும். பால் மரம் வெட்டியவர் வீட்டில் சைக்கிள். கொஞ்சம் கைப்பிடிப்பாக இருந்தவர் வீட்டில் ஹோண்டா கப்சாய். பிள்ளைகள் பத்து பெரெண்டாம் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் லயத்து வாசலிலும் சாகா வந்து நின்றது. அந்தக் கார் வந்த நாளில் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் குங்குமம் வைத்ததை மறக்க முடியுமா? அதனால்தான் சாகா வேகக் கார் இல்லாவிட்டாலும் இந்தக் கட்டுரையில் அதற்கு இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஏராளமாகச் செய்தார்கள், ஆனால் முதல் ஆண்டுகளில் வந்ததை மாற்றாமல், துருப்பிடிக்காமல் வைத்திருப்பவர் இன்று மிகச் சிலரே.

வேகக் கார் என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லத்தக்கது 1998-இல் வந்த சத்ரியா ஜிடிஐ. புரோட்டோன் 1996-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற லோட்டஸ் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கியிருந்தது. அந்த லோட்டஸ் பொறியாளர்கள்தாம் சத்ரியாவின் ஓட்டத்தைச் செம்மைப்படுத்தினார்கள். 1,834 சிசி இயந்திரம், சுமார் 138 குதிரைச் சக்தி, ரெக்காரோ இருக்கை, கையால் மாற்றும் ஐந்து கியர். வளைவில் தரையைப் பிடித்துக்கொண்டு போகும் அந்தச் சுகத்தை ஓட்டியவர் இன்றும் சிலாகிக்கிறார்கள். பிறகு 2004-இல் சத்ரியா ஆர்3 சிறு தொகையாக வந்தது.

மேலே பந்தயப் பெயர் வேண்டும் என்றோமே, அதுவும் புரோட்டோனுக்கு உண்டு. நம் நாட்டு ரேலி வீரர் கரம்ஜிட் சிங் 2002-ஆம் ஆண்டு உலகத் தயாரிப்புக் கார் ரேலிப் பட்டத்தை வென்றது புரோட்டோன் பெர்ட் காரில். ஓர் ஆசியர் அந்தப் பட்டத்தை வெல்வார் என்று அன்றைக்கு எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? அந்த வெற்றியை நாளிதழில் பார்த்த பையன்களுக்கு இன்று நாற்பது வயது. கையில் கொஞ்சம் காசு புழங்குகிறது. சத்ரியாவைத் தேடி வருபவர்கள் அவர்கள்தாம்.

அப்படியானால் சத்ரியாக்கள் எங்கே போயின? ஒரு பகுதி மரத்தில் மோதிப் போயிற்று. ஒரு பகுதி திருட்டுப் போயிற்று. இன்னொரு பகுதியின் இயந்திரத்தைக் கழற்றி வீராக் காரில் பூட்டிவிட்டார்கள். உடம்பு ஓரிடத்தில், உயிர் ஓரிடத்தில்! முழுசாகப் பிழைத்தவை குறைவு. அதனால்தான் விலை.

காரை விடுங்கள், தோட்டத்துப் பிள்ளைகளின் உண்மையான 'ஸ்போர்ட்ஸ் கார்' இரண்டு சக்கரத்தில் ஓடியது. யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிள் 1980-களின் நடுவில் இங்கே வந்தது; 2011-இல் நின்றது. இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம், எண்ணெய்ப் புகை, செம்பனைக் காட்டுக்கு அப்பால் வரும்போதே யாருடைய வண்டி என்று சொல்லிவிடும் சத்தம். புகைக் கட்டுப்பாடு இறுகிய காலத்தில் அப்படிப்பட்ட இயந்திரம் இனி வரப்போவதில்லை. இன்று நல்ல நிலையிலுள்ள ஆர்எக்ஸ்இசட்டைப் புதிதாக விற்ற விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள். அம்மா குப்பை என்று சொன்ன பொருளில் மகன் ஜெயித்த இடம் இதுதான். ஒப்புக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் கணக்கு

இப்போது அம்மா பேசட்டும். இன்று ஒருவர் முப்பதாயிரம் வெள்ளி கொடுத்து ஒரு பழைய வேகக் காரை வாங்கிப் பத்து ஆண்டு வைத்திருக்கிறார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதே பணத்தை ஊழியர் சேமநிதியில் சுயவிருப்பச் சந்தாவாகப் போட்டிருந்தால்? 2023-ஆம் ஆண்டுக்கு அங்கே 5.5 விழுக்காடு ஈவு கொடுத்தார்கள், 2024-க்கு 6.3. குறைந்ததையே எடுத்துக்கொண்டாலும் பத்து ஆண்டில் அது 51 ஆயிரத்தைத் தாண்டும்.

கார் அப்படிச் சும்மா இருக்காது, சாப்பிடும். 1,834 சிசி காருக்கு ஆண்டுக்குச் சாலை வரி 297 வெள்ளி. பத்து ஆண்டுக்கு 2,970. காப்புறுதி ஆண்டுக்கு ஆயிரம் என்றாலும் பத்தாயிரம். பேட்டரி, டயர், எண்ணெய், ஒரு முறை பெயின்ட் என்று இன்னொரு பத்தாயிரம். கூட்டிப் பாருங்கள்: 74 ஆயிரம் வெள்ளிக்கு விற்றால்தான் நட்டமில்லை. அறுபதாயிரத்துக்கு விற்றுவிட்டு "இரண்டு மடங்கு லாபம்" என்று கோப்பிக்கடையில் மார்தட்டுபவர் இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை.

கடனில் வாங்கும் புதிய வேகக் காரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வட்டியோடு 190 ஆயிரம் வெள்ளியை ஒன்பது ஆண்டில் கட்ட வேண்டும் என்றால் மாதத் தவணை 1,759 வெள்ளி. 2025-இல் உயர்த்திய குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளிதான்! அதாவது ஓர் ஆளின் முழு மாத உழைப்பு அந்தக் காரின் நான்கு டயருக்குக் கீழே போகிறது. அந்த ஒன்பது ஆண்டில் காரின் விலை இறங்கத்தான் செய்யும். எந்தக் காருமே முதலில் பள்ளத்தில் விழுந்து, யாரும் மதிக்காத ஒரு காலத்தைக் கடந்து, அதன் பிறகே மேலே ஏறுகிறது. அப்படி ஏறுவதும் நூற்றில் ஒன்றோ இரண்டோ.

'லிமிடெட் எடிஷன்' என்று எண் பொறித்து விற்கும் புதுக் கார்களிடமும் எச்சரிக்கை தேவை. சேர்த்து வைப்பதற்கென்றே செய்ததை வாங்கியவர் எல்லாரும் இருக்கை மேல் பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் சேர்த்தே வைக்கிறார்கள். முப்பது ஆண்டு கழித்து அத்தனையும் புதிது போலச் சந்தைக்கு வரும். அப்புறம் அதில் என்ன அபூர்வம்?

ஆசைப்பட்டுக் கெடுப்பது

மலாக்காவுக்கும் கார் உலகில் ஓர் இடம் உண்டு. அலோர் காஜாவுக்கு அருகே பெகோவில் ஹோண்டா தொழிற்சாலை 2003 முதல் இயங்குகிறது. நம் மாநிலத்துப் பிள்ளைகளின் கைபட்ட சிவிக் கார்கள் நாடெங்கும் ஓடுகின்றன. ஆனால் சிவிக்கின் வேக அண்ணனான 'டைப் ஆர்' இங்கே செய்தது அன்று. 2007-இல் இங்கு விற்பனைக்கு வந்தது ஜப்பானிலிருந்து நேராக வந்தது. சாதாரண சிவிக்கை வாங்கி, பின்னால் இறக்கை வைத்து, சிவப்புச் சின்னம் ஒட்டி, வேறு இயந்திரம் மாற்றி 'டைப் ஆர்' ஆக்குகிறவர்கள் ஏராளம். பார்வைக்கு அழகுதான்! விலை பேச வருபவர் முதலில் பார்ப்பது கார்டில் உள்ள இயந்திர எண்ணையும் சேஸிஸ் எண்ணையும். அவை ஒத்துப்போகாவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. முலாம் பூசிய நகையை அடகுக்கடைக்காரர் உரசிப் பார்ப்பது போலத்தான். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் 'ஹாஃப் கட்' காரின் இயந்திரத்தைப் பூட்டி ஓட்டுவது ஓட்டச் சுகத்துக்குச் சரி. சேமிப்புக்கு உதவாது.

புதிய தலைமுறைக் கார்களில் வேறொரு சிக்கல். மோரிஸ் மைனர் நின்றுவிட்டால் ஒரு ஸ்பேனரும் பொறுமையும் போதும். இன்றைய வேகக் காரில் கணினிப் பெட்டிகள் நிறைய. இருபத்தைந்து ஆண்டு கழித்து அந்தப் பெட்டி செத்தால் மாற்றுப் பெட்டி எங்கே கிடைக்கும்? இதை உணர்ந்துதான் நிசான் 2017-இல் பழைய ஜிடிஆர் கார்களுக்கு உதிரிப் பாகங்களை மறுபடி செய்து விற்கத் தொடங்கியது. டோயோட்டாவும் பின்னால் அதைச் செய்தது. அப்படிக் கம்பெனி கைகொடுக்கும் கார் பிழைக்கும். மற்றவை வாசலில் நின்றே மக்கும்.

மின்சாரக் கார் வந்ததும் பெட்ரோல் கார் எல்லாம் புதையலாகிவிடும் என்கிறார்கள். புரோட்டோனே 2024 டிசம்பரில் இ.மாஸ் 7 என்ற மின்சாரக் காரை வெளியிட்டுவிட்டது. என் எண்ணம் வேறு. எல்லாப் பெட்ரோல் காருக்கும் அந்த யோகம் வராது. கையால் கியர் மாற்றி, காலால் கிளட்ச் மிதித்து, இயந்திரத்தின் குரலைக் கேட்டு ஓட்டும் கார்கள் சிலவற்றுக்கே வரும். அந்த வகையில் ஜிடிஐ நிற்கும். விலையுயர்ந்த பல ஆட்டோ கியர் கார்கள் நிற்கா.

வைத்திருப்பவர் கவனத்துக்கு

ஏற்கெனவே அப்படியொரு வண்டி வீட்டில் இருந்தால் என்ன செய்வது? நம் ஊர் வெயிலும் மழையும்தான் முதல் எதிரி. பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடினால் உள்ளே ஈரம் நின்று துருவும் பூஞ்சணமும் பிடிக்கும். காற்றோட்டமான கூரையே நல்லது. ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கதவு சீல், குழாய், வைப்பர் எல்லாம் ஓடாமல் நின்றால்தான் சீக்கிரம் வெடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது இயந்திரம் நன்றாகச் சூடாகும்வரை ஓட்ட வேண்டும். செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எலியை மறக்கக் கூடாது. ஒரு ராத்திரியில் ஒயர் முழுவதையும் கடித்து வைத்துவிடும்.

பையன் ரிம்மையும் ஸ்டியரிங்கையும் மாற்றினால் மாற்றட்டும். கழற்றிய பழையதைத் தூக்கி எறியாமல் சாக்கில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு வாங்க வருபவர் அதைத்தான் கேட்பார். வாங்கியபோது கொடுத்த கையேடு, சர்வீஸ் ரசீது, இரண்டாவது சாவி எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். மலாக்காவின் 'எம்' எழுத்தில் பதிவான பழைய எண் பலகையை மாற்றாமல் வைத்திருந்தால் அதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

பல வீடுகளில் அப்பா காலமாகிப் பத்து ஆண்டாகியும் வண்டியின் கார்டு அவர் பெயரிலேயே கிடக்கிறது. சாலை வரியும் எப்போதோ முடிந்திருக்கும். அந்த வண்டி எத்தனை அபூர்வமானாலும் முறைப்படி விற்க முடியாது. வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டிய பத்திரங்களுக்கு அலைச்சல் இருக்கிறது. அண்ணன் தம்பிகள் ஒரு மனதாகக் கையெழுத்துப் போட வேண்டியும் வரும். விலை ஏறிய பிறகு அந்த ஒரு மனம் கிடைப்பது கடினம். எல்லாரும் அதைக் குப்பை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த வேலையை முடித்துவிடுவது சுலபம்.